அகாடமிக் கவுன்சிலுக்கு முதல் முறை போகிறவர்களுக்கு

போன மாதம் பக்கத்துத் துறைத் தம்பி ஒருவர் ஒரு பழுப்பு உறையோடு என் மேசைக்கு வந்தார். அவருடைய துறைத் தலைவர் ஓய்வு பெற்றுவிட்டதால் பொறுப்பு இவர் தலையில் வந்து விழுந்திருக்கிறது. உறைக்குள் அகாடமிக் கவுன்சில் கூட்டத்துக்கான அழைப்பு, கூடவே செங்கல் கனத்துக்கு அஜெண்டா. "சார், அங்க போய் நான் என்ன செய்யணும்? சும்மா உட்கார்ந்து எழுந்து வந்தா போதும்னு எல்லாரும் சொல்றாங்களே" என்றார்.

போதாது. அன்று சாயங்காலம் டீக்கடையில் அவரிடம் சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். மதுரைப் பக்கம் தன்னாட்சிக் கல்லூரிகளில் (பாடத்திட்டத்தையும் தேர்வையும் தாமே வகுத்துக்கொள்ளும் கல்லூரிகள்) புதிதாக இந்தக் கூட்டத்துக்குப் போகிறவர்களுக்கும், முதல் முறையாக ஒரு பாடத்திட்டத்தைத் தூக்கிக்கொண்டு அதன் வாசலில் நிற்கிறவர்களுக்கும் இது உதவும். நான் வரலாற்றுத் துறைக்காரன் என்பதால் பழைய கதை கொஞ்சம் கூடவே வரும்.

முதலில், எந்தக் குழு எது?

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் குழம்புவது காலேஜ் கவுன்சிலுக்கும் அகாடமிக் கவுன்சிலுக்கும் இடையில்தான். முதல்வரும் துறைத் தலைவர்களும் உட்கார்ந்து விடுமுறை, ஒழுங்கு, விழா என்று பேசுவது காலேஜ் கவுன்சில். அது கல்லூரிக்குள் நடக்கும் நிர்வாகக் கூட்டம். அகாடமிக் கவுன்சில் என்பது பல்கலைக்கழக மானியக் குழு விதிகளின்படி ஒவ்வொரு தன்னாட்சிக் கல்லூரியிலும் இருந்தாக வேண்டிய அமைப்பு. என்ன படிப்பு, என்ன பாடம், எப்படித் தேர்வு, எத்தனை மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி என்பதையெல்லாம் முடிவுசெய்யும் இடம் அதுதான்.

அதற்குக் கீழே ஒவ்வொரு துறைக்கும் ஒரு பாடத்திட்டக் குழு உண்டு. நாம் 'போர்டு' என்று சொல்வது அதைத்தான். மேலே ஆளுகைக் குழு. பணத்துக்கு நிதிக் குழு. போர்டு தயாரிக்கும், கவுன்சில் பார்த்து ஒப்புதல் தரும். புதிய படிப்பு தொடங்குவது, உதவித்தொகை, பதக்கம் போன்றவற்றைக் கவுன்சில் பரிந்துரைக்கும், ஆளுகைக் குழு முடிவெடுக்கும். பல்கலைக்கழகத்திலும் ஏறக்குறைய இதே ஏணிதான். அங்கே செனட் (பேரவை), சிண்டிகேட் (ஆட்சிக்குழு) என்று படிகள் இருக்கும். சில பல்கலைக்கழகங்களில் அகாடமிக் கவுன்சில் வேலையைக் கல்விசார் நிலைக்குழு பார்க்கிறது.

பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். உங்கள் கையில் இருக்கும் தாள் இந்த ஏணியில் எந்தப் படியில் நிற்கிறது என்று மட்டும் எப்போதும் தெரிந்திருக்கட்டும்.

இந்த அதிகாரம் மதுரைக்கு எப்படி வந்தது?

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் தொடங்கியபோது அது பாடம் நடத்தவில்லை. இலண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து அமைத்த அது தேர்வு வைத்தது, பட்டம் கொடுத்தது. பாடம் நடத்துவது கல்லூரிகளின் வேலை. முடிவெடுத்தது செனட். பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்குப் பாடத்திட்டத்தில் சட்டப்படி ஒரு குரல் வேண்டும் என்ற எண்ணம் ஊன்றுவதற்கு அறுபது வருடங்களுக்கு மேல் ஆனது. 1917 முதல் 1919 வரை கல்கத்தா பல்கலைக்கழகத்தை ஆராய்ந்த சாட்லர் குழு, படிப்பு சம்பந்தப்பட்ட முடிவுகளைப் படிப்பு தெரிந்தவர்கள் எடுக்கத் தனி அமைப்பு வேண்டும் என்று அழுத்திச் சொன்னது. அதற்குப் பின் வந்த 1923-ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகச் சட்டத்தில் செனட், சிண்டிகேட் இரண்டோடும் அகாடமிக் கவுன்சில் சேர்ந்துகொண்டது.

ஆனால் மதுரைக்கு அது அப்போதும் தூரத்துச் சங்கதிதான். 1881-இல் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரி ஆகட்டும், 1948-இல் வந்த லேடி டோக் ஆகட்டும், அடுத்த வருடம் வந்த தியாகராசர் கல்லூரி ஆகட்டும், மதுரை வகுப்பறையில் என்ன நடத்துவது என்பது சேப்பாக்கத்தில் முடிவானது. 1965-இல் சட்டம் வந்து, 1966-இல் மதுரைப் பல்கலைக்கழகம் பிறந்தது. முதல் துணைவேந்தர் தெ. பொ. மீனாட்சிசுந்தரனார். மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டக் கல்லூரிகளின் பாடத்திட்டம் அதோடு மதுரைக்கே வந்துவிட்டது. 1978-இல் அது மதுரை காமராசர் பல்கலைக்கழகம் ஆனது. 1990-இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்தபோது தென்கோடி மாவட்டங்கள் பிரிந்து போயின.

அதே 1978-இல் இன்னொன்றும் நடந்தது. நல்ல கல்லூரிகளுக்குத் தன்னாட்சி கொடுக்கலாம் என்று கோத்தாரிக் கல்விக் குழு 1966-இல் சொல்லியிருந்தது. தமிழ்நாட்டில் முதலில் தன்னாட்சி பெற்ற கல்லூரிகளில் மதுரையின் அமெரிக்கன் கல்லூரியும் லேடி டோக் கல்லூரியும் இருந்தன. சேப்பாக்கத்திலிருந்து, நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம் மதுரைப் பல்கலைக்கழகம் இருக்கும் பல்கலை நகருக்கு வந்த அதிகாரம், அங்கிருந்து கோரிப்பாளையத்துக்கும் தல்லாகுளத்துக்கும் வந்தது. இன்று அது உங்கள் கல்லூரியில் ஒரு கூட்ட அறைக்குள் இருக்கிறது. 450 கிலோமீட்டர் தள்ளி இருந்தது கைக்கெட்டும் தூரத்துக்கு வந்த பிறகும் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

பட்டம் மட்டும் இன்றும் பல்கலைக்கழகம்தான் தருகிறது. கவுன்சிலில் அதன் பிரதிநிதிகள் உட்காருவதும் அதனால்தான்.

அறையில் யார் யார் இருப்பார்கள்?

முதல்வர் தலைவர். எல்லாத் துறைத் தலைவர்களும் உறுப்பினர்கள். சுழற்சி முறையில் நான்கு ஆசிரியர்கள். தொழில், வணிகம், சட்டம், கல்வி, மருத்துவம் போன்ற துறைகளிலிருந்து வெளியாட்கள் குறைந்தது நான்கு பேர், இவர்களை ஆளுகைக் குழு நியமிக்கும். பல்கலைக்கழகப் பிரதிநிதிகள் மூன்று பேர், பேராசிரியர் நிலையில் இருப்பவர்கள். முதல்வர் நியமிக்கும் ஓர் ஆசிரியர் உறுப்பினர் செயலர். நியமன உறுப்பினர்களுக்குப் பதவிக்காலம் மூன்று வருடம். வருடத்துக்குக் குறைந்தது இரண்டு முறை கூட வேண்டும்.

இந்தப் பட்டியலில் மாணவர் இல்லை. போர்டிலாவது முன்னாள் மாணவர் ஒருவருக்கு இடம் இருக்கிறது. கவுன்சில் எடுக்கும் ஒவ்வொரு முடிவையும் மூன்று வருடம் சுமக்கப்போவது உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் பஸ் பிடித்து வரும் பிள்ளைகள்தான். அந்தப் பிள்ளைக்கு இது எப்படிப் போய்ச் சேரும் என்று அறையில் யாராவது ஒருவர் கேட்க வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாம்.

ஒரு பாடத்தைக் கொண்டுபோவது எப்படி?

எங்கள் துறையிலிருந்து நாங்கள் கொண்டுபோன ஒரு விருப்பப் பாடத்தையே எடுத்துக்கொள்கிறேன். மதுரை வட்டாரக் கல்வெட்டுகள் பற்றியது. மாங்குளத்தில் நெடுஞ்செழியன் பெயர் வரும் தமிழி (பழைய தமிழ் எழுத்து) கல்வெட்டு இருக்கிறது. கீழக்குயில்குடி சமணர் மலையில் சமணச் சிற்பக் குகையான செட்டிப்புடவும், பேச்சிப்பள்ளத்து வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் இருக்கின்றன. கீழடி அருங்காட்சியகம் ஒரு பஸ் தூரம். இவ்வளவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நம் பிள்ளைகள் கல்வெட்டைப் புத்தகப் படத்தில் மட்டும் பார்க்கிறார்களே என்பதுதான் எங்கள் ஆதங்கம்.

ஆதங்கம் அஜெண்டாவில் ஏறாது. தாளில் என்ன வேண்டும் என்று பார்க்கலாம். பாடத்தின் பெயர், குறியீடு, எந்தப் பருவம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எத்தனை கிரெடிட் (பாடத்தின் எடையைக் காட்டும் புள்ளி), ஐந்து அலகுகள், பாடநூல், அகமதிப்பீடும் எழுத்துத் தேர்வும் எத்தனைக்கு எத்தனை. இவற்றில் ஒன்று விட்டுப்போனாலும் போர்டிலேயே நின்றுவிடும். பாடத்தின் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அன்றே முடிவுசெய்துவிடுங்கள். மதிப்பெண் பட்டியலில் அச்சாகப் போகும் பெயர் அது. பின்னால் ஓர் எழுத்தை மாற்றுவதற்கும் மறுபடி கூட்டம் வரை காத்திருக்க வேண்டும்.

அடுத்து போர்டு. அங்கே துறை ஆசிரியர்களோடு, வெளிப் பல்கலைக்கழகப் பாட வல்லுநர் இருவர், துணைவேந்தர் நியமித்த ஒருவர், தொழில்துறையிலிருந்து ஒருவர், ஒரு முன்னாள் மாணவர் இருப்பார்கள். வல்லுநர்களுக்குப் பத்து நாள் முன்னாலேயே தாளை அனுப்பிவிடுங்கள். காலையில் வந்து, டீ குடித்து, அரை மணி நேரத்தில் கையெழுத்துப் போட வைத்தால் அவர் ஒன்றும் சொல்லமாட்டார், உங்களுக்கும் ஒன்றும் கிடைக்காது. எங்கள் பாடத்தை மாற்றியதே ஒரு வெளி வல்லுநரின் ஒற்றைக் கேள்விதான்: "பையன் மசிப்படி எடுக்கக் கத்துக்குவானா, இல்ல மசிப்படி பற்றிப் படிப்பானா?" மசிப்படி என்பது கல்வெட்டின் மேல் தாளை ஒட்டி மை தடவி எடுக்கும் நகல். நான்காவது அலகு முழுவதையும் அன்றே களப்பணியாக மாற்றினோம்.

மணிநேரம் என்னும் நிஜமான சண்டை

இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். இதை யாரும் புதியவர்களுக்குச் சொல்லித் தருவதில்லை.

நம் கலை அறிவியல் கல்லூரிகளில் ஒரு வகுப்புக்கு வாரத்துக்கு 30 மணி நேரம். தமிழ், ஆங்கிலம், முதன்மைப் பாடம், சார்புப் பாடம், விருப்பப் பாடம் எல்லாம் அந்த முப்பதுக்குள் அடங்க வேண்டும். ஒரு புதிய பாடத்துக்கு மூன்று மணி நேரம் வேண்டும் என்றால் அந்த மூன்று மணி நேரம் வேறு யாரிடமிருந்தோ வர வேண்டும். யாருடைய மணி நேரம் குறைகிறதோ அவருடைய பணிச்சுமை குறைகிறது. பணிச்சுமை குறைந்தால் அந்தத் துறையில் ஓர் இடமே கேள்விக்குள்ளாகலாம். 'சிலபஸ் கனமாக இருக்கிறதே' என்று ஒருவர் கவுன்சிலில் எழுந்து சொல்லும்போது சில சமயம் அதன் உள்ளே இந்தப் பயம் இருக்கும். அது நியாயமான பயம். குடும்பம் நடத்துகிற ஒருவரின் வேலை அது. ஆகவே கூட்டத்துக்கு முன்பே சம்பந்தப்பட்ட துறைக்கு நேரில் போய்ப் பேசுங்கள். நாங்கள் அப்படித்தான் ஒரு துறையோடு உட்கார்ந்து, அவர்களுக்கு வேறு பருவத்தில் ஒரு பாடம் கிடைக்கும்படி அட்டவணையை மாற்றி வரைந்தோம். கவுன்சிலில் எங்கள் பாடத்தை முதலில் ஆதரித்துப் பேசியது அந்தத் துறைத் தலைவர்தான்.

2022-இல் தமிழக அரசின் 'நான் முதல்வன்' திறன் பயிற்சித் திட்டம் வந்த பிறகு திறன் பாடங்களும் இந்த முப்பதுக்குள் இடம் கேட்டன. 2023-இல் மாநில உயர்கல்வி மன்றத்தின் பொதுப் பாடத்திட்டம் பற்றித் தன்னாட்சிக் கல்லூரிகளில் பெரிய விவாதமே நடந்தது. பிள்ளைகள் ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாற வசதி என்றார்கள் ஒரு பக்கம். பாடத்திட்டம் வகுக்கும் உரிமை போனால் தன்னாட்சி எதற்கு என்றார்கள் இன்னொரு பக்கம். நான் இரண்டாவது பக்கம். கீழக்குயில்குடியைப் பொதுப் பாடத்திட்டம் ஒருநாளும் கண்டுகொள்ளாது.

அஜெண்டாவைப் படிக்கும் வழி

கனமான கட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எல்லாத் துறைப் பாடத்தையும் வரிக்கு வரி படிப்பது நடக்காத காரியம். நான் படிக்கும் முறையைச் சொல்கிறேன்.

முதலில் அஜெண்டாவில் உள்ள ஒவ்வொரு விவாதப் பொருளுக்கும் அடியில் 'எந்த ஆண்டு சேர்ந்த மாணவர் முதல்' என்ற வரி இருக்கிறதா என்று பென்சிலால் தேடுவேன். அது இல்லையென்றால் சுற்றி வட்டம். இரண்டாவது, பழைய பாடத்தில் அரியர் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு என்ன வழி என்று சொல்லியிருக்கிறதா என்று பார்ப்பேன். பழைய பாடத்தில் எத்தனை முறை தேர்வு வைப்பார்கள், அதற்குப் பிறகு இணையான பாடம் எது என்பது இருக்க வேண்டும். மூன்றாவது, மொத்தக் கிரெடிட் கூட்டல். இளநிலைக்கு 140 வர வேண்டிய இடத்தில் 139 வந்த அஜெண்டாவை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். நான்காவது, பட்டத்தின் பெயர் மாறுகிறதா என்பது.

இந்த நான்காவதை நான் பாடம் கற்றுத்தான் பார்க்க ஆரம்பித்தேன். பல வருடங்களுக்கு முன், வேறொரு கல்லூரியில் நான் உறுப்பினராக இருந்தேன். ஓர் அறிவியல் படிப்பின் பெயரைக் 'காலத்துக்கு ஏற்ப' மாற்றும் பொருள் வந்தது. பாடங்கள் எல்லாம் முன்பிருந்தவைதான். இரண்டு நிமிடத்தில் நிறைவேறியது. நானும் தலையாட்டினேன். நான்கு வருடம் கழித்து அந்தப் பிரிவில் படித்த ஒரு பெண் கல்லூரி அலுவலக வாசலில் அவள் அப்பாவோடு நின்றாள். அரசு வேலைக்கான தேர்வில் எழுத்துத் தேர்வு தேறிவிட்டாள். சான்றிதழ் சரிபார்ப்பில் பட்டத்தின் பெயர் அறிவிப்பில் இல்லை, இணைத்தன்மைக்கு அரசாணை கொண்டு வா என்று சொல்லிவிட்டார்கள். அப்படி ஓர் அரசாணைக்கு யாரும் விண்ணப்பிக்கவே இல்லை. அவள் கையில் பிளாஸ்டிக் கவருக்குள் மடங்காமல் வைத்திருந்த பட்டச் சான்றிதழ் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. அந்த இரண்டு நிமிடத்தில் நான் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

ஆகவே பட்டத்தின் பெயர் மாறும் பொருள் வந்தால் தயங்காமல் எழுந்து மூன்று கேள்வி கேளுங்கள். இந்தப் பெயர் மானியக் குழு பட்டங்களின் பட்டியலுக்குப் பொருந்துகிறதா? பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டதா? பழைய பட்டத்துக்கு இது இணை என்று அரசாணை வாங்க யார், எந்தத் தேதிக்குள் விண்ணப்பிக்கப் போகிறார்கள்? பதில் மினிட்ஸில் (கூட்ட நடவடிக்கைக் குறிப்பில்) ஏறும்வரை உட்கார வேண்டாம்.

இன்னொன்று. கல்லூரிகளைத் தரம் பார்க்கும் தேசிய அமைப்பான நாக்கின் மதிப்பீட்டில் எத்தனை படிப்புகளின் பாடத்திட்டத்தைத் திருத்தினீர்கள் என்று கேட்பார்கள். அந்தக் கணக்குக்காகவே அலகு இரண்டில் இருந்ததை அலகு மூன்றுக்கு மாற்றி 'திருத்தம்' என்று கொண்டுவரும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு அட்டவணை கேளுங்கள். தெரிந்துவிடும்.

கூட்ட நாள்

பத்து நிமிடம் முன்னால் போய்விடுங்கள். வெளி உறுப்பினர்களிடம் அறிமுகம் செய்துகொள்ளுங்கள். உங்கள் துறைப் பொருள் வரும்போது இரண்டு நிமிடத்துக்கு மேல் பேச வேண்டாம்: என்ன மாற்றம், ஏன், எந்த ஆண்டு முதல், எவ்வளவு செலவு. எங்கள் கல்வெட்டுப் பாடத்துக்கு ஒரு வழக்கறிஞர் உறுப்பினர் கேட்டது, "மலைக்குப் போற செலவு யாருது? பிள்ளைங்க தலையிலயா?" பதில் கையில் இருந்தது. கல்லூரி பஸ், ஒரு நாள், துறை நிதி. அவர் தலையை ஆட்டினார், பொருள் நிறைவேறியது. அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் நாங்கள் விழித்திருந்தால் பாடம் திரும்பியிருக்கும். திரும்பியிருந்தாலும் அது நியாயம்தான்.

திருப்பி அனுப்பினால் முகம் வாட வேண்டாம். போர்டின் முன்மொழிவைக் கவுன்சில் திருத்தலாம், மறுபரிசீலனைக்கு அனுப்பலாம், மறுக்கவும் செய்யலாம். ஆனால் திருப்பினாலும் மறுத்தாலும் காரணம் சொல்ல வேண்டும் என்பது விதி. அந்தக் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அடுத்த முறை அதுதான் உங்கள் முதல் பக்கம்.

பெரியவர்கள் நிறைந்த அறையில் புதியவர் பேசத் தயங்குவது இயல்பு. "ஒரு சந்தேகம், சார்" என்று தொடங்குங்கள். மதுரையில் அந்த வார்த்தைக்கு இன்னும் மரியாதை இருக்கிறது.

கூட்டம் முடிந்த பிறகு

பலர் இங்கே கழன்றுகொள்கிறார்கள். வேலையில் பாதி இனிமேல்தான். நிறைவேறிய தீர்மானத்தின் எண்ணையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் பாடக் குறியீடு போய்ச் சேர்ந்ததா என்று நேரில் பாருங்கள். நூலகத்துக்குப் புத்தகப் பட்டியல் கொடுங்கள். வகுப்பு தொடங்கும் அன்று பாடத்திட்டத்தின் முழுத் தாள் மாணவர் கையில் இருக்க வேண்டும், வாட்ஸ்அப் படமாகவாவது.

மினிட்ஸ் நகல் வந்ததும் உங்கள் பொருளை மட்டுமாவது எழுத்துக்கு எழுத்து சரிபாருங்கள். எங்கள் பாடத்துக்கு '4 கிரெடிட்' என்று தட்டச்சாகி வந்தது. நிறைவேறியது மூன்று. அன்று மதியமே உறுப்பினர் செயலரிடம் போய்ச் சொன்னோம், திருத்தினார்கள். விட்டிருந்தால் அந்த வருடத்துப் பிள்ளைகள் அத்தனை பேரின் மதிப்பெண் பட்டியலும் தப்பாகியிருக்கும்.

அடுத்த கூட்டத்தில் முதல் பொருளே போன கூட்டத்து மினிட்ஸை உறுதிசெய்வதும், எடுத்த நடவடிக்கை என்ன என்ற அறிக்கையும்தான். எல்லாரும் டீக்காகக் காத்திருக்கும் நேரம் அது. அப்போது உங்கள் பழைய குறிப்பை எடுத்து மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். 'நடவடிக்கையில் உள்ளது' என்று எழுதியிருக்கும் இடங்களில் எல்லாம், எது வரை வந்திருக்கிறது, எந்தத் தேதிக்குள் முடியும் என்று கேளுங்கள்.